முந்நூறு மீட்டர் பாதை கேட்பது எப்படி? சேலத்தில் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் துணை நிற்க நினைப்பவர்களுக்கு

காலை எட்டேகால். பள்ளி மணி அடிக்க இன்னும் பதினைந்து நிமிடம். ஒரு கையில் பேரன், இன்னொரு கையில் சாப்பாட்டுக் கூடை. சாலையோரத்தில் நின்றபடி அந்த அம்மா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றதும், "ஏங்கண்ணு, அந்தப் பக்கந்தான போற? நீ எறங்குனா நாங்களும் உங்கூடயே வந்துர்றோம்" என்றார். மூன்று பேரும் கடந்து முடித்தபோது நேரத்தைப் பார்த்தேன். நான் வந்து நின்றதிலிருந்து நான்கு நிமிடம் ஆகியிருந்தது. அவர் எனக்கு முன்பிருந்தே நின்றிருந்தார். அந்தச் சாலையின் அகலம் பன்னிரண்டு மீட்டர்கூட இல்லை.

எங்கள் பகுதிக்காக நாங்கள் எழுதிய உருப்படியான முதல் மனு அந்த நான்கு நிமிடத்தில்தான் தொடங்கியது. "சாலை மோசமாக உள்ளது" என்று எழுதிய மனுக்களுக்கெல்லாம் பதிலே வந்ததில்லை. இதற்கு வந்தது.

2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். நம் அரசு பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசமாக சைக்கிள் கொடுக்கிறது. அதை ஓட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகப் பத்திரமான ஓரம் இருக்கிறதா என்று கேட்க வேண்டியது நம் வேலை. அதைக் கேட்கும் முறையை, நாங்கள் செய்த தப்புகளோடு சேர்த்து எழுதுகிறேன்.

முதல் படி: எந்தத் தெரு?

நீங்களோ உங்கள் வீட்டாரோ தினமும் நடக்கிற இடத்தில் தொடங்குங்கள். 300 மீட்டர் போதும், மிஞ்சினால் 500. பஸ் ஸ்டாப்பிலிருந்து பள்ளி வரை, குடியிருப்பிலிருந்து ரேஷன் கடை வரை, ஆஸ்பத்திரி வாசலிலிருந்து மருந்துக்கடை வரை என்று ஒரு முனையில் கூட்டம் கிளம்பி மறுமுனையில் போய்ச் சேருகிற துண்டாகப் பாருங்கள்.

முதல் தடவை நாங்கள் இரண்டு கிலோமீட்டர் சாலைக்குச் சேர்த்து மனு கொடுத்தோம். ஏழு மாதம் அது மூன்று அலுவலகங்களுக்கு நடுவே சுற்றியது. அந்தச் சாலையில் பாதி ஒரு துறைக்கும் மீதி இன்னொரு துறைக்கும் சொந்தம் என்பதே எங்களுக்குத் தெரியாது. கடைசியில் கையில் மிஞ்சியது மூன்று பதில் கடிதம். மூன்றிலும் "இது எங்கள் வரம்பில் வராது" என்று ஒரே வாசகம்.

ஐந்து ரோடு, நான்கு ரோடு மாதிரிப் பெரிய சந்திப்புகளை முதலில் எடுக்க வேண்டாம். 2020 ஜூனில் ஈரடுக்கு மேம்பாலம் திறந்தபோது அங்கே வண்டிகளுக்குக் கிட்டத்தட்ட எட்டு கிலோமீட்டர் நீளத்துக்கு மேலே ஒரு வழி கிடைத்தது. கீழே நடந்து கடப்பவர்களின் பிரச்சினை பெரியதுதான். ஆனால் அது பல துறைகள் சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய இடம். ஒரு சின்னத் தெருவில் ஜெயித்த பிறகு போனால் உங்கள் பேச்சுக்கு அங்கே ஒரு மதிப்பு இருக்கும்.

இரண்டாம் படி: சாலை யாருடையது?

உள்தெருக்கள் பெரும்பாலும் மாநகராட்சியுடையவை. சேலம் மாநகராட்சிக்கு சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என நான்கு மண்டலங்கள், 60 வார்டுகள். உங்கள் வார்டு எண்ணையும் மண்டலத்தையும் சொத்து வரி ரசீதில் பார்த்துக்கொள்ளலாம். ஊருக்கு வெளியே போகிற பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கும். பைபாஸ் என்றால் தேசிய நெடுஞ்சாலை ஆணையம். ஓரத்தில் மைல்கல் இருந்தால் அதன் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை.

சாலை ஒருவருடையதாகவும் அதன் ஓரத்துச் சாக்கடை இன்னொருவருடையதாகவும் இருக்கும். டிரான்ஸ்ஃபார்மரும் கம்பமும் மின்வாரியத்துடையவை. பேரிகேடு, சிக்னல், ஒருவழிப் பாதை எல்லாம் மாநகரப் போக்குவரத்துப் போலீஸ் பார்ப்பது. ஒரு பேப்பரில் உங்கள் முந்நூறு மீட்டரை நீளமாக வரைந்து, எது யாருடையது என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் மண்டல அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் நேரில் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். சொல்லாவிட்டால் தகவல் உரிமை மனு இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

மூன்றாம் படி: அளப்பது

இந்த வேலையின் உயிரே இதுதான். இதற்கு மட்டும் ஒரு மாதம் எடுத்துக்கொண்டாலும் நஷ்டமில்லை.

ஹார்டுவேர் கடையில் 30 மீட்டர் டேப் ஒன்று, சாக்பீஸ், நோட்டுப் புத்தகம், போன். மூன்று பேர் வேண்டும். ஒருவர் டேப்பின் நுனியைப் பிடிக்க, ஒருவர் எழுத, மூன்றாமவர் வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க. அந்த மூன்றாமவர் வேறு எதுவும் செய்யக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு அளங்கள்.

முதலில் நடைபாதை. நாம் பிளாட்பாரம் என்கிறோமே, அதன் மொத்த அகலம் உங்களுக்கு வேண்டாம். தடையில்லாமல் நடக்கக் கிடைக்கிற அகலம்தான் வேண்டும். குடியிருப்புப் பகுதியில் குறைந்தது 1.8 மீட்டராவது தடையின்றி இருக்க வேண்டும் என்று, சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் 103-ஆம் எண் வழிகாட்டி சொல்கிறது. தரையிலிருந்து பிளாட்பாரத்தின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. நம் ஊரில் ஒரு அடிக்கு மேல் ஏற்றிக் கட்டிவிடுகிறார்கள். முழங்கால் வலிக்காரர் அதில் ஏறுவாரா? கீழேதான் நடப்பார்.

நாங்கள் அளந்த தெருவில் பிளாட்பாரம் காகிதத்தில் இரண்டு மீட்டர் அகலம். நடுவில் டிரான்ஸ்ஃபார்மரின் கம்பிவேலி. வேலிக்கும் சாக்கடை விளிம்புக்கும் இடையே டேப்பைக் கிடத்தினோம். 45 சென்டிமீட்டர். டேப்பின் எண் தெளிவாகத் தெரிகிற மாதிரி குனிந்து ஒரு படம் எடுத்தோம். அடுத்து ஒரு தம்பி தன் அப்பாவின் சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து வேலிக்கு முன்னால் நிறுத்தினான். அதையும் எடுத்தோம். பின்னாளில் அலுவலகத்தில் பத்துப் பக்க மனுவை யாரும் புரட்டவில்லை, ஆனால் இந்த இரண்டு படத்தையும் கையில் வாங்கிப் பார்த்தார்கள். படத்தில் பிள்ளைகளின் முகம் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எண்ணிக்கை. பள்ளி நாளில் காலை 8 முதல் 9 வரை, மாலை 4 முதல் 5 வரை, ஒரே இடத்தில் உட்கார்ந்து எண்ணுங்கள். நடப்பவர், சைக்கிள், பள்ளிச் சீருடை, முதியவர், தள்ளுவண்டி என்று கட்டம் போட்டு, கோடு கோடாக இழுத்து ஐந்தாவதைக் குறுக்கே போட்டால் போதும். மூன்று நாள் செய்யுங்கள். மழை நாள் ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். தண்ணீர் தேங்கினால் மொத்தக் கூட்டமும் சாலை நடுவே வருவதை அன்றைக்குத்தான் பார்க்க முடியும்.

பிறகு வேகம். இதற்கு போலீஸிடம் இருக்கும் கருவி தேவையில்லை. 50 மீட்டர் அளந்து இரண்டு முனையிலும் சாக்பீஸில் கோடு போடுங்கள். வண்டி ஒரு கோட்டிலிருந்து மறுகோட்டுக்கு வர எத்தனை வினாடி என்று போனில் பாருங்கள். ஆறு வினாடி என்றால் மணிக்கு 30 கிலோமீட்டர், மூன்று வினாடி என்றால் 60. ஐம்பது வண்டிகளைக் குறித்தால் தெருவின் குணம் தெரிந்துவிடும். 30-ல் வரும் வண்டி மோதினால் நடப்பவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். வேகம் ஏற ஏற அந்த வாய்ப்பு சடசடவென்று குறையும். அதனால்தான் பள்ளிப் பக்கம் 30-ஐ வலியுறுத்துகிறோம்.

கடக்கும் நேரத்தையும் குறியுங்கள். சாதாரணமாக நடப்பவர் வினாடிக்கு 1.2 மீட்டர் போவார் என்று கணக்கு வைப்பார்கள். பன்னிரண்டு மீட்டர் சாலைக்குப் பத்து வினாடி. கூடையோடு போகிற பாட்டிக்கு அது பத்தாது. சிக்னல் இருக்கும் இடமானால் பாதசாரிக்கு எத்தனை வினாடி விடுகிறார்கள், ஒரு முதியவர் எத்தனை வினாடியில் கடக்கிறார் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

சைக்கிளுக்கு அளவை வேறு மாதிரி. ஒரு பள்ளி மாணவரின் பின்னாலேயே நீங்களும் சைக்கிளில் போங்கள். தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் கை அகலத்துக்கு ஒரு பள்ளம் இருக்கும், சக்கரம் அதில் இறங்கினால் ஆளைச் சாய்த்துவிடும். மழைநீர் போகிற இரும்புச் சல்லடையின் கம்பிகள் சாலையின் போக்கிலேயே நீளவாக்கில் இருந்தால் சக்கரம் உள்ளே மாட்டும். அந்தச் சல்லடையைத் திருப்பிப் போட்டாலே போதும், செலவே இல்லை. ஓரத்தில் சேர்ந்த மணல், எதிர்த்திசையில் வரும் பைக், நிறுத்தி வைத்த காரின் கதவு. எங்கெல்லாம் அந்தப் பிள்ளை நடுச்சாலைக்கு விலகுகிறது என்று எண்ணுங்கள். எங்கள் முந்நூறு மீட்டரில் பதினோரு தடவை.

நான்காம் படி: தெருவில் இருப்பவர்களிடம் பேசுவது

அலுவலகத்துக்குப் போகும் முன் இதைச் செய்யுங்கள். இல்லையென்றால் உங்களால் ஒரு ஏழையின் பிழைப்பு போய்விடும்.

பிளாட்பாரத்தில் கீரை விற்கிற அக்காவிடம், "அக்கா, நடக்க வழிதான் கேக்குறோம், உங்க கடைய எடுக்கச் சொல்லல" என்றேன். "போன தடவையும் இதையேதான் சொன்னாங்க சாமி. மறுநாளு லாரி வந்துச்சு" என்றார். அவர் பயம் நியாயமானது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. நகர விற்பனைக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும், அதில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள். உங்கள் மனுவில் "ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும்" என்ற வரியைத் தயவுசெய்து எழுதாதீர்கள். அதை எழுதினால் தள்ளுவண்டியைத்தான் தூக்குவார்கள், பிளாட்பாரத்தில் ஏற்றி நிறுத்திய கார் அப்படியே இருக்கும். "வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்கி, நடக்க 1.8 மீட்டர் விட வேண்டும்" என்று எழுதுங்கள். அந்த அக்கா பிறகு எங்கள் மனுவில் கையெழுத்துப் போட்டார். கீழே விழுந்தவர்களைத் தூக்கிவிட்டு தண்ணீர் கொடுப்பதே அவர்தான். சாக்கடையை மூடிய எந்த ஸ்லாப்பில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று அவரைவிட நன்றாக யாருக்கும் தெரியாது.

ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்களிடமும் போங்கள். வாசலில் வண்டி நிற்காவிட்டால் வியாபாரம் போய்விடும் என்று கடைக்காரர்கள் கவலைப்படுவார்கள். அவர்கள் கடைக்கு வருபவர்களில் எத்தனை பேர் நடந்து வருகிறார்கள் என்று ஒரு மாலை எண்ணிக் காட்டுங்கள். எல்லாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பரவாயில்லை.

ஐந்தாம் படி: ஓரிரு கோரிக்கை மட்டும்

அளந்ததில் இருபது குறை தெரியும். இருபதையும் கேட்டால் ஒன்றும் நடக்காது. செலவைப் பார்த்து வரிசைப்படுத்துங்கள். உடைந்த சாக்கடை மூடி, மங்கிய ஜீப்ரா கோடு, எரியாத விளக்கு ஆகியவை வார்டு அளவிலேயே முடியும். பள்ளி வாசலில் கடக்கும் இடத்தை மேடாக்குவதற்கு எஸ்டிமேட் வேண்டும். பிளாட்பாரத்தையே மாற்றிக் கட்டுவது டெண்டர் வரை போகும், ஒரு வருடம் ஆகலாம். முதல் வகையிலிருந்து ஒன்றிரண்டை மட்டும் எடுங்கள்.

வேகத்தடை கேட்கிறவர்கள் அளவோடு கேளுங்கள். வட்டவடிவ வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் என்பது இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் சொல்லும் அளவு. அளவில்லாமல் குறுகலாகக் கொத்தி வைக்கிற மேடு சைக்கிள்காரரையும் கர்ப்பிணி உட்கார்ந்து வரும் பைக்கையும்தான் தண்டிக்கும்.

தனி சைக்கிள் பாதையை நான் முதல் கோரிக்கையாகச் சொல்ல மாட்டேன். நம் தெருக்களில் கோடு மட்டும் போட்டுக் கொடுத்தால் ஒரு வாரத்தில் அது கார் நிறுத்துமிடமாகிவிடும். வேகத்தைக் குறைப்பதும் ஓரத்தைச் சரிசெய்வதும் சைக்கிளுக்கு உடனே உதவும். அகலமான சாலையில் தடுப்போடு கட்டுவதாக இருந்தால் மட்டும் தனிப்பாதை கேளுங்கள்.

ஆறாம் படி: மனு

ஒரே பக்கம். இப்படி இருக்கலாம்:

"பொருள்: …… தெருவில் பள்ளி வாசல் முதல் பஸ் நிறுத்தம் வரை …… மீட்டரில் உடைந்த …… சாக்கடை மூடிகளை மாற்றவும், பள்ளி வாசலில் பாதசாரிகள் கடக்கும் கோடு போடவும் வேண்டுதல்.

ஐயா, மேற்படி இடத்தில் பள்ளி நாட்களில் காலை ஒரு மணி நேரத்தில் …… பேர் நடந்தும் …… பேர் சைக்கிளிலும் செல்வதை மூன்று நாட்கள் எண்ணிப் பதிவு செய்துள்ளோம். சாலையைக் கடக்க ஒரு முதியவர் …… நிமிடம் காத்திருக்க வேண்டியுள்ளது. அளவுகளும் படங்களும் வரைபடமும் இணைப்பில் உள்ளன. தாங்கள் நேரில் பார்வையிட வரும் நாளில் நாங்களும் உடனிருந்து காட்டத் தயாராக உள்ளோம்."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அதைப் படித்துத்தான் ஒரு பொறியாளர் எங்களை போனில் அழைத்தார். வெயிலில் முக்கால் மணி நேரம் எங்களோடு நடந்தார்.

முதலில் கவுன்சிலரைப் பாருங்கள். அவரை விட்டுவிட்டு மேலே போனால் மனத்தாங்கல் வரும், அது வேலையைக் கெடுக்கும். அடுத்து மண்டல அலுவலகத்தின் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை இல்லாத நகல் வெறும் காகிதம். நகர்வு இல்லை என்றால் திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து மனு எண் பெறுங்கள். முதல்வரின் உதவி மையம் 1100-லும் பதியலாம். ஆட்சியர் தலைமையில் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. உங்கள் இடத்தில் விபத்துகள் நடந்திருந்தால் அந்தக் குழுவுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். பெரிய வேலை என்றால் சட்டமன்றத் தொகுதி மேம்பாட்டு நிதியைக் கேட்கலாம்.

சட்டத்தையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், மிரட்டல் தொனி வேண்டாம். கோவையைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் தொடுத்த வழக்கில், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சொன்னது. விபத்தில் நொறுங்கி வருபவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்த ஒரு மருத்துவர் நீதிமன்றத்துக்குப் போனதால் கிடைத்த வரி அது.

ஏழாம் படி: தகவல் உரிமை மனு

இரண்டு மாதம் பதில் இல்லையா? 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஏன் செய்யவில்லை என்று கேட்டால் பதில் வராது. ஆவணத்தைக் கேளுங்கள்:

1. …… தேதியிட்ட எங்கள் மனு மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையின் கோப்பு நகல்.
2. இந்தச் சாலை எந்தத் துறையின் பராமரிப்பில் உள்ளது என்பதற்கான பதிவேட்டு நகல்.
3. கடந்த மூன்று ஆண்டுகளில் இந்தத் தெருவில் செய்த பணிகள், செலவு, ஒப்பந்த நகல்.

விபத்து விவரத்தைக் காவல் துறைக்குத் தனி மனுவாகப் போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பெரும்பாலும் மேல்முறையீட்டுக்குத் தேவையே வராது. தகவல் உரிமை மனு போய்ச் சேர்ந்ததுமே பழைய கோப்பு மேசைக்கு வந்துவிடும்.

ஏற்காட்டுக்காரர்களுக்கு

மலையில் கணக்கே வேறு. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். பிளாட்பாரத்துக்கு இடமே கிடையாது. இரு புறமும் வனத்துறை நிலம் என்பதால் அகலப்படுத்தச் சொல்லிக் கேட்டு வருடங்களை வீணாக்க வேண்டாம், அகலமானால் வேகம்தான் கூடும். மேலே போய்விட்டால் சாலையில் நடப்பவர்கள் யார்? எஸ்டேட்டுக்குப் போகிறவர்கள், மலையாளிப் பழங்குடிக் கிராமங்களின் பள்ளிப் பிள்ளைகள், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள். காப்பிப் பழம் பறிக்கும் நவம்பர், டிசம்பரில் விடியற்காலை மூடுபனிக்குள் அவர்கள் நடந்து வருவது பத்தடி தூரத்தில்தான் தெரியும்.

அங்கே கேட்க வேண்டியவை: பஸ் நிற்கும் இடங்களில் ஒதுங்கி நிற்க மேடை, வளைவுகளில் குவிகண்ணாடி, குடியிருப்புகளை ஒட்டி வேகக் கட்டுப்பாட்டுப் பலகை, உடைந்த தடுப்புச் சுவருக்கு மறுகட்டுமானம். கிராம சபை உங்கள் பலம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. அங்கே தீர்மானமாக எழுதச் சொல்லி, எழுதிய பிறகு பதிவேட்டில் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். மே மாதம் கோடை விழாக் கூட்டம் வரும் என்பதால் போக்குவரத்துக் கோரிக்கையை மார்ச் 22-லேயே வைத்துவிடுவது நல்லது.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. சரிவைச் சீரமைக்கும் வேலை எங்கே நடந்தாலும் அதோடு சேர்த்து நடப்பவர்களுக்கு ஒரு ஓரம் கேளுங்கள். தனியாகக் கேட்பதைவிட அது எளிது. அதிகாலையில் சைக்கிளில் ஏறுகிற நண்பர்களுக்கு ஒன்று: முன்னும் பின்னும் விளக்கு இல்லாமல் கிளம்பாதீர்கள். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது சட்டம். ஆனால் இறங்குகிற எல்லாருக்கும் அது தெரியும் என்று நம்பிவிடாதீர்கள்.

வேலை முடிந்த பிறகு

கோடு போட்டாயிற்று, ஸ்லாப் மாற்றியாயிற்று. முதலில் அந்தப் பொறியாளருக்கும் கவுன்சிலருக்கும் நன்றிக் கடிதம் எழுதுங்கள். அவர்களுக்கு வருவதெல்லாம் குறை சொல்லும் கடிதம்தான். பிறகு அதே கிழமை, அதே நேரம், அதே சாக்பீஸ் கோட்டில் மறுபடி உட்கார்ந்து எண்ணுங்கள். முன் கணக்கும் பின் கணக்கும் சேர்ந்த அந்த ஒரு தாள்தான் அடுத்த தெருவுக்கு உங்கள் அறிமுகச் சீட்டு. ஜீப்ரா கோடு ஒரு வருடத்தில் மங்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், செப்டம்பரில் எல்லா ஸ்லாப்பையும் ஒருமுறை மிதித்துப் பார்த்துவிடுங்கள்.

போன மாதம் அதே பள்ளி வாசலில் காலை எட்டேகாலுக்கு நின்றேன். ஒரு தாத்தாவும் பேத்தியும் கடக்கக் காத்திருந்த நேரம் நாற்பது வினாடி. வாசலிலிருந்து மூன்றாவது ஸ்லாப் மறுபடி ஆடத் தொடங்கியிருக்கிறது. அளந்து, படம் எடுத்து, திங்கட்கிழமைக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன்.